“என் மூளை முடிந்துவிட்டது” என்கிறார் கணவர்: ஒரு வாசகிக்கு வைத்தியரின் பதில்

ரொறொன்ரோவுக்குக் கிழக்கே ஒரு நகரத்திலிருந்து வாசகி ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் எல்லாவற்றையும் மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 35 வயது. ஒன்பது வயதில் வவுனியாவிலிருந்து கனடாவுக்கு வந்தவர். பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்கிறார். கணவர் வடக்கு ஒன்ராறியோவில் சுரங்க ஊர் ஒன்றில் பிறந்த கனடியர், வயது 37. முன்பற்கள் மூன்று உடைந்து சிகிச்சைக்கு வந்த இடத்தில்தான் இருவருக்கும் பழக்கம். வீட்டில் முதலில் பெரிய எதிர்ப்பு; பிறகு மாமியார் வீட்டில் தன் கையால் சோறு பிசைந்து சாப்பிடப் பழகிக்கொண்ட மருமகன். “ஆனால் டொக்டர், வலது கையின் சின்னவிரலும் மோதிரவிரலும் அவருக்கு மடங்காது. சோறு விரலிடுக்கால் சிந்தும். கல்யாண மோதிரம் மொழியைத் தாண்டி ஏறாது, சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறார்” என்று எழுதியிருக்கிறார்.

அந்தக் கைதான் கணவரின் தொழிலாக இருந்தது. ஐஸ் ஹொக்கியில் ‘என்போர்சர்’ என்பார்கள், அணிக்காகச் சண்டை பிடிப்பவர். பதினாறு வயதில் ஜூனியர் அணியில் சேர்ந்தபோது பயிற்றுநர், “கோல் போட எனக்கு வேறு பிள்ளைகள் இருக்கிறார்கள்” என்றாராம். அதன் பிறகு ஒன்பது பருவம் அமெரிக்காவின் சிறு லீக்குகளில். ஏ.எச்.எல் என்ற இரண்டாம் நிலை லீக்கில் 11 ஆட்டம் மட்டும். மற்றதெல்லாம் அதற்குக் கீழே ஈ.சி.எச்.எல், கடைசி வருடம் அதற்கும் கீழே எஸ்.பி.எச்.எல். மொத்தம் 140 சண்டைக்கு மேல். 2018-இல் எந்த அணியும் கூப்பிடவில்லை. அத்தோடு முடிந்தது.

இப்போது வீடுகளுக்குச் சுவர்ப்பலகை பொருத்தும் வேலை. மாதத்தில் ஐந்தாறு நாள் தலையிடியால் வேலைக்குப் போகமாட்டார். நிலவறையில் விளக்கை அணைத்துவிட்டு இருப்பார். சாமான் வாங்கப் போய் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வருவார். தோள்மூட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தொடங்கிய நோவுக் குளிசை இன்னும் நிற்கவில்லை. இப்போது பழைய அணித்தோழர் ஒருவர் மூலம் வருகிறது. இரவில் பியர். போன மாதம் சுவரில் குத்தி ஓட்டை விழுந்தது. ஏழு வயது மகன் மேசைக்குக் கீழே ஒளிந்துகொண்டான். மனைவியையோ பிள்ளையையோ இதுவரை தொட்டதில்லை. எம்.ஆர்.ஐ ஸ்கான் எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்று வந்தது. “நடிக்கிறான்” என்கிறார் வாசகியின் அண்ணன். “எனக்கு சி.ரி.ஈ, என் மூளை முடிந்துவிட்டது, வைத்தியரிடம் போய் என்ன பலன்” என்கிறார் கணவர். (சி.ரி.ஈ என்பது தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டவர்களுக்கு வரும் ஒரு மூளை நோய்; விளக்கம் கீழே.) அவர் அப்படிச் சொல்வதைத்தான் தன்னால் தாங்க முடியவில்லை என்கிறார் வாசகி. இனி அவருக்கே எழுதுகிறேன்.

அன்பான தங்கச்சி,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மற்றதற்குள் போக முன்னர் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கணவர் தனக்குத் தானே தீர்ப்பெழுதிவிட்டார். அந்தத் தீர்ப்பை எழுத அவராலும் முடியாது, என்னாலும் முடியாது. உலகத்தில் எந்த வைத்தியராலும் உயிரோடிருக்கும் ஒருவருக்கு அதை உறுதியாக எழுத முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் தொல்லைகளில் பாதிக்கு மேல் சிகிச்சை உள்ளவை. அந்தச் சிகிச்சையைத் தொடங்கவிடாமல் மறித்துக்கொண்டு நிற்பது சி.ரி.ஈ என்ற அந்த மூன்றெழுத்துத்தான்.

அவர் செய்த வேலை

உங்கள் அம்மா, “சண்டை பிடித்துத் திரிந்தவனைக் கட்டினால் இப்படித்தான்” என்றதாக எழுதியிருக்கிறீர்கள். அம்மாவைக் குறை சொல்லவில்லை. நம் ஆட்களுக்கு அந்த விளையாட்டே புதிது. அதனால் அந்த வேலை என்னவென்று கொஞ்சம் விளக்கினால் வீட்டில் கதைக்க உங்களுக்கும் உதவும்.

ஹொக்கியில் சண்டை விதிமீறல்தான். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குத்தினால் ஐந்து நிமிடம் தண்டனைப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். பிறகு திரும்பி வந்து ஆடலாம். மற்ற விளையாட்டுகளில் வெளியேற்றப்படும் குற்றத்துக்கு இங்கே ஐந்து நிமிடம்தான் என்பதால், அதற்கென்றே ஒரு வேலை உண்டாயிற்று. நம் அணியின் நல்ல ஆட்டக்காரரை எதிரணி முரட்டுத்தனமாக இடித்தால் அதற்குப் பதில் சொல்ல ஓர் ஆள். அவர் கடைசி வரிசையில் இருப்பார். ஓர் ஆட்டத்தில் நாலைந்து நிமிடம் பனியில் இறங்கினால் பெரிய விஷயம். எதிரணியிலும் அவரைப் போல ஒருவர் இருப்பார். இருவருக்கும் ஒருவர்மீது ஒருவருக்குக் கோபம் இருக்காது. முதல் நாள் இரவே இருவரும் நித்திரையில்லாமல் கிடந்திருப்பார்கள். முன்னாள் சண்டைக்காரர்கள் பலர் வெளிப்படையாகச் சொன்னது இது: அடியை விட, அடிக்குக் காத்திருந்த அந்த இரவுகள்தான் கொடுமை.

சம்பளத்தையும் அம்மாவிடம் சொல்லுங்கள். என்.எச்.எல் என்ற உச்ச லீக்கில் 2025-26 பருவத்தில் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளமே 7,75,000 அமெரிக்க டொலர். ஈ.சி.எச்.எல்லில் புதியவருக்கு அண்மைய ஆண்டுகளில்கூட வாரத்துக்கு 500 டொலரைச் சற்றுத் தாண்டிய அடிச்சம்பளம். தங்க இடம் அணி தரும். ஒக்ரோபரிலிருந்து ஏப்ரல் வரை 72 ஆட்டம், பெரும்பாலும் இரவுப் பேருந்துப் பயணம். கோடையில் சம்பளம் இல்லை. கை உடைந்தாலும் “ஆடமுடியாது” என்று சொல்லத் தயங்குவார்கள், ஏனென்றால் அந்த இடத்துக்கு இன்னொருவர் வரிசையில் நிற்கிறார்.

அவர் காலத்திலேயே அந்த வேலை காலுக்குக் கீழிருந்து கரைந்துபோனது. ஒன்ராறியோ ஜூனியர் லீக்கில் ஒரு பருவத்துக்குப் பத்துச் சண்டைக்கு மேல் போனால் தண்டனை என்று 2012-இல் வந்தது. 2016-இல் அது மூன்றாகக் குறைந்தது. அதே 2016-இல் ஏ.எச்.எல், ஆட்டம் தொடங்கும், அல்லது நின்று மீண்டும் தொடங்கும் கணத்தில் முன்கூட்டியே பேசிவைத்துச் சண்டை பிடிப்பவர்களை ஆட்டத்திலிருந்தே வெளியேற்றத் தொடங்கியது. பத்தாவது சண்டையோடு ஓர் ஆட்டத் தடையும் வந்தது. இதெல்லாம் நல்ல மாற்றம், வைத்தியராக நான் வரவேற்கிறேன். ஆனால் பதினாறு வயதுப் பிள்ளையிடம் “இதுதான் உன் வேலை” என்று சொல்லிப் பழக்கிய விளையாட்டு, முப்பது வயதில் “இனி அந்த வேலை இல்லை” என்று சொல்லிவிட்டு விலகிக்கொண்டது. உங்கள் கணவரின் துக்கத்தில் ஒரு பங்கு இது. அதற்கு ஸ்கான் இல்லை.

சி.ரி.ஈ பற்றி அவர் நம்புவதும் உண்மையும்

தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டவர்களின் மூளையில் ‘ரோ’ என்ற புரதம் முறைகேடாகப் படிந்து, மூளைக் கலங்கள் வருடக் கணக்கில் மெதுவாகச் சேதமாவதுதான் சி.ரி.ஈ. இறந்த பிறகு மூளைத் திசுவை மெல்லிய துண்டுகளாக வெட்டி, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியில் பார்த்தால்தான் அது உறுதியாகும். உயிரோடிருப்பவர்களுக்கு 2021-இல் ஆய்வாளர்கள் ஓர் அளவுகோல் வகுத்தார்கள். அது ஆய்வுக்கானது, சிகிச்சை அறையில் தீர்ப்புச் சொல்வதற்கானது அல்ல.

உங்கள் கணவர் இதை எங்கே பிடித்துக்கொண்டார் என்று எனக்குப் புரிகிறது. 2011-இல் அவருக்கு 23 வயது, தொழிலில் இறங்கிச் சில வருடம்தான் ஆகியிருக்கும். அந்த மே மாதம் நியூயோர்க் ரேஞ்சர்ஸ் அணியின் சண்டைக்காரர் டெரிக் பூகார்ட், நோவுக் குளிசையும் மதுவும் கலந்து, 28 வயதில் இறந்தார். ஓகஸ்டில் ரிக் ரிப்பியென், அதே மாதக் கடைசியில் வேட் பீலாக். ஒரே கோடையில் மூன்று சண்டைக்காரர்கள். பூகார்டும் ஈ.சி.எச்.எல்லில் ஆடித்தான் மேலே போனவர். பொஸ்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தபோது அந்த 28 வயது மூளையில் சி.ரி.ஈ இருந்தது. அதே தொழிலில் இருந்த ஓர் இளைஞனுக்கு அந்தச் செய்தி எப்படி இறங்கியிருக்கும்!

ஆனால் அவர் உங்களிடம் சொன்ன இரண்டு கணக்குகளும் பிழை.

“சண்டைக்காரர்கள் 47 வயதில் செத்துப்போவார்கள்” என்றாராம். கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த எண் அது. 1967-க்குப் பின் என்.எச்.எல்லில் ஆடியவர்களைப் பார்த்தார்கள். *இறந்துபோன* சண்டைக்காரர்களின் சராசரி வயது 47.5, ஒப்பிட்டுப் பார்த்த மற்ற வீரர்களில் இறந்தவர்களுக்கு 57.5. அந்தப் பத்து வருட வித்தியாசம் உண்மையானது, கவலைக்குரியது. ஆனால் மற்ற வீரர்களை விடச் சண்டைக்காரர்களில் கூடுதலான பேர் இறந்துவிடவில்லை; பெரும்பாலானவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், அவர்கள் அந்தச் சராசரிக்குள் வரவே இல்லை. அந்த மரணங்கள் எதனால் என்று பார்த்தால் போதை மருந்து, தற்கொலை, வாகன விபத்து என்று தடுக்கக்கூடிய காரணங்கள் முன்னால் நிற்கின்றன. உங்கள் வீட்டில் நாம் கவனிக்க வேண்டியதும் அவற்றைத்தான்.

“பத்தொன்பது பேரில் பதினெட்டுப் பேருக்கு இருந்தது” என்பது அடுத்தது. 2024 கடைசியில் பொஸ்ரன் குழு வெளியிட்டது. நன்கொடையாக வந்த 77 ஹொக்கி வீரர்களின் மூளைகளில் என்.எச்.எல் வரை போனவர்களின் கணக்கு அது. மூளையை ஆய்வுக்குக் கொடுக்கும் குடும்பங்கள், இறந்தவரிடம் ஏதோ மாற்றத்தைக் கண்டு பயந்த குடும்பங்கள். தலையிடிக்காரரை மட்டும் கூப்பிட்டுக் கணக்கெடுத்தால் ஊரெல்லாம் தலையிடி என்றுதான் வரும். அதே ஆய்வில் நான் முக்கியமாகக் கருதுவது வேறு: ஆடிய ஒவ்வொரு கூடுதல் வருடத்துக்கும் சி.ரி.ஈ இருக்கும் வாய்ப்பு விகிதம் 34 சதவீதம் ஏறியது. அதாவது முஷ்டிச் சண்டை மட்டும் கணக்கில்லை. சின்ன வயதிலிருந்து பயிற்சியிலும் ஆட்டத்திலும் பட்ட இடிகள் எல்லாம் சேர்ந்ததுதான். உங்கள் கணவருக்கு ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

இன்னொருவரின் கதையைச் சொல்லத்தான் வேண்டும். டொட் யூவென் என்ற முன்னாள் என்.எச்.எல் சண்டைக்காரர், தனக்கு சி.ரி.ஈ என்று நம்பி, அந்தப் பயத்தோடு வாழ்ந்து, 2015-இல் 49 வயதில் தற்கொலை செய்துகொண்டார். முதலில் பரிசோதித்த நிபுணர் அவர் மூளையில் அது இல்லை என்றார். 2018-இல் பொஸ்ரன் குழு மீண்டும் பார்த்து, இருக்கிறது என்றது. மூளையைக் கையில் வைத்துப் பார்த்த நிபுணர்களே இப்படி மாறுபட்டார்கள் என்றால், ஒரு நிலவறையில் இருட்டில் இருந்துகொண்டு ஒருவர் தனக்குத் தானே அதைச் சொல்லிவிட முடியுமா? அந்த நோய் இருந்திருந்தாலும்கூட மனச்சோர்வுக்கும் நித்திரையின்மைக்கும் சிகிச்சை உண்டு. நோய் இருப்பதும் உதவி பலன் தராது என்பதும் ஒன்றல்ல. கணவரிடம் இந்த ஒரு வசனத்தையாவது சொல்லிப் பாருங்கள்.

அண்ணனுக்கும் பதில் உண்டு. சாதாரண எம்.ஆர்.ஐ இரத்தக் கசிவு, கட்டி போன்றவற்றைக் காட்டும். மூளை அதிர்ச்சியையோ சி.ரி.ஈயையோ அது காட்டாது. ஸ்கான் சுத்தமாக வந்ததால் அவர் நடிக்கிறார் என்று ஆகாது.

சரிசெய்யக்கூடியவை

குடும்ப வைத்தியரிடம் போங்கள். “மூளைக்கு அடிபட்டவர், நீண்ட நேரம் வேண்டும்” என்று முன்கூட்டியே சொல்லி இரட்டை நேரம் எடுங்கள். “சி.ரி.ஈயா என்று பாருங்கள்” என்று கேட்காதீர்கள், கதவு அங்கேயே மூடிவிடும். தொல்லைகளைத் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

தலையிடி: வாரத்தில் பல நாள் நோவுக் குளிசை போடுபவருக்கு அந்தக் குளிசையாலேயே தலையிடி வரும். இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். கழுத்துக் காயத்திலிருந்து தலைக்கு ஏறும் நோவும் இருக்கலாம். ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் குலுக்கிக் குலுக்கி அடித்த 140 சண்டையில் கழுத்து என்ன பாடுபட்டிருக்கும்! அதற்கு நல்ல உடற்பயிற்சிச் சிகிச்சை இருக்கிறது.

நித்திரை: குறட்டை பெரிதாக இருக்கிறது, இடையில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழும்புகிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரியில்தான் கண் நின்றது. பருத்த கழுத்துள்ள பெரிய மனிதர். உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயாக இருக்கலாம். அது மறதியையும் எரிச்சலையும் காலைத் தலையிடியையும் தானாகவே உண்டாக்கும். ஓர் இரவுப் பரிசோதனையில் தெரிந்துவிடும், உறக்கத்தில் மூச்சுக்கு உதவும் இயந்திரம் கொடுத்தால் பலர் சில வாரத்திலேயே வேறு ஆளாகிவிடுகிறார்கள். பியரும் குளிசையும் இந்த நோயைக் கூட்டும், அதுவும் சொல்லிவைக்கிறேன்.

இரத்தப் பரிசோதனையில் தைரொயிட், ரெஸ்ரொஸ்ரரோன் உட்பட ஹோர்மோன்களைப் பார்க்கச் சொல்லுங்கள். தலைக் காயம் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியைப் பாதிக்கலாம். அதன் சோர்வும் மந்தமும் வெளியே பார்த்தால் மனச்சோர்வு போலவே இருக்கும். மனச்சோர்வுக்கும் தனியாகக் கேட்க வேண்டும். மறதிக்கு நரம்பு உளவியலாளரின் விரிவான சோதனை உண்டு. அரசாங்கக் காப்புறுதிக்கு வெளியே எடுத்தால் செலவு கூட, அதனால் மற்றவற்றைப் பார்த்த பிறகு அதற்குப் போகலாம்.

குளிசை: எனக்கு இதில்தான் பயம்

நீங்கள் ஒரு நாள் எல்லாக் குளிசையையும் கழிவறையில் கொட்ட நினைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். திடீரென நின்றால் உடம்பு துடிக்கும், அவர் அன்றே வேறு இடம் தேடுவார். சில நாள் விட்டுப் பழைய அளவைப் போட்டால் மூச்சு நின்றுவிடக்கூடும். தோழர் மூலம் வருவது மருந்துச்சாலைக் குளிசைதானா என்றும் தெரியாது. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் போலிக் குளிசைகளில் பெந்தனில் என்ற மிகக் கடுமையான நோவு மருந்து கலந்திருக்கலாம். பூகார்டைக் கொன்றதும் குளிசையும் மதுவும் சேர்ந்த அந்தக் கூட்டுத்தான்.

இன்று வேலை முடிந்து வரும் வழியில் மருந்துச்சாலைக்குப் போய் நலொக்சோன் பெட்டி கேளுங்கள். ஒன்ராறியோவில் இலவசம். நோவுக் குளிசை அளவுக்கு மீறி மூச்சு அடங்கும்போது மீட்க மூக்கில் அடிக்கும் மருந்து. எப்படி என்று அங்கேயே காட்டுவார்கள். அவரை எழுப்ப முடியாமல் உதடு நீலமாகி, மூச்சு அரைகுறையாக இருந்தால் அதை அடித்துவிட்டு 911 கூப்பிடுங்கள். குளிசையிலிருந்து வெளியே வர பியூப்ரினோர்பின் என்ற மருந்து இருக்கிறது, குடும்ப வைத்தியரே தொடங்கலாம். இதை ஒழுக்கக் கேடாகப் பார்க்காதீர்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஒரு வைத்தியர் எழுதிக் கொடுத்துத்தான் இது தொடங்கியது.

நிலவறையில் வேட்டைத் துப்பாக்கி இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது இந்த வாரமே வீட்டை விட்டுப் போக வேண்டும். அவரின் தம்பி உரிமம் உள்ளவர் என்பதால் அவரிடம் ஒப்படைக்கலாம். கணவரிடம் நேராகக் கேளுங்கள்: “சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா?” கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று நம் சனம் பயப்படும். அப்படி நடக்காது, கேட்டவுடன் பலர் பாரம் இறங்கினது போல அழுவார்கள். ஆம் என்றால் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-க்கு இருவரும் சேர்ந்து கூப்பிடலாம், இரவு பகல் எந்நேரமும். உடனடி ஆபத்தென்றால் 911.

கோபம், வீடு, பிள்ளை

பனியில் சண்டை பிடித்தவர் என்பதால் வீட்டிலும் அடிப்பார் என்று முடிவு கட்டத் தேவையில்லை. பனியில் அது வேலை. எத்தனையோ சண்டைக்காரர்கள் அணியிலேயே மென்மையான மனிதர்களாக இருந்திருக்கிறார்கள். சுவரில் குத்தும் கோபம் அடிபட்ட மூளையும் நித்திரையில்லாத உடம்பும் மதுவும் சேர்ந்து வருவதாக இருக்கலாம். ஆனால் காரணம் எதுவானாலும் பிள்ளை மேசைக்குக் கீழே ஒளிந்தான். “வருத்தக்காரர்தானே” என்று நீங்கள் எல்லாவற்றையும் பொறுக்க வேண்டும் என்று எந்த வைத்தியரும் சொல்லமாட்டார். குரல் ஏறத் தொடங்கினால் மகனோடு எங்கே போவது என்று இப்போதே முடிவு செய்யுங்கள்; ஒரு பை, கடவுச்சீட்டுகள், கார்ச் சாவி. அவர் அமைதியாக இருக்கும் நாளில் அவரிடமே சொல்லுங்கள்: “நீங்கள் குத்தத் தொடங்கினால் நாங்கள் அன்றிரவு அக்கா வீட்டில்.”  விட்டுப் போவதா இருப்பதா என்று கேட்டீர்கள். சிகிச்சைக்கு வருகிறாரா என்று பார்த்துவிட்டு அந்த முடிவை எடுங்கள் என்பது என் எண்ணம். ஆனால் உங்கள்மீதோ பிள்ளைமீதோ கை ஓங்கினால் அந்தக் காத்திருப்பு அத்தோடு முடிகிறது.

வெளியே சொன்னால் பிள்ளையை அரசாங்கம் எடுத்துவிடும் என்ற பயம் கடிதம் முழுக்கத் தெரிகிறது. ஒளிக்காமல் சொல்கிறேன்: பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறது என்று நியாயமாகச் சந்தேகித்தால் நான் அறிவித்தே ஆக வேண்டும், சட்டம் அப்படி. ஆனால் அறிவித்தவுடன் பிள்ளையைப் பிரிப்பதில்லை. உதவி கேட்டு வந்த தாய்க்குப் பிள்ளைகள் நலன் காக்கும் நிறுவனங்கள் முதலில் செய்வது வீட்டைப் பாதுகாப்பாக்க உதவுவதுதான்.

பணம், உரிமை

நான் வழக்கறிஞர் அல்ல, சுருக்கமாகச் சொல்கிறேன். என்.எச்.எல் நட்டஈடு கிடைக்குமா என்று கேட்டீர்கள். 2018-இல் முடிந்த அந்த இணக்கம் 318 முன்னாள் என்.எச்.எல் வீரர்களுக்கானது, ஆளுக்கு ஏறத்தாழ 22,000 டொலர். அங்கே ஓர் ஆட்டம்கூட ஆடாத உங்கள் கணவர் அதற்குள் வரமாட்டார். ஏ.எச்.எல், ஈ.சி.எச்.எல் வீரர்களுக்கு 1967-இல் தொடங்கிய பி.எச்.பி.ஏ என்ற தொழிற்சங்கம் இருக்கிறது. அலுவலகம் இங்கே நயாகராப் பகுதியில்தான். முன்னாள் வீரருக்கு என்ன உதவி உண்டு என்று அங்கே கேளுங்கள். ஆடிய அணிகளிடமிருந்து வைத்தியப் பதிவுகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேலைக் காய நட்டஈட்டுச் சட்டம் அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஃப்ளோரிடாவில் தொழில்முறை விளையாட்டு வீரர்களுக்கு அது பொருந்தவே பொருந்தாது. மற்ற இடங்களில் காலக்கெடு தாண்டியிருக்கலாம், என்றாலும் அந்தந்த மாநிலச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை கேட்பதில் நட்டமில்லை. வேலை செய்யவே முடியாத நிலை வந்தால் கனடா ஓய்வூதியத் திட்டத்தின் இயலாமைக் கொடுப்பனவு இருக்கிறது. அதற்குக் கட்டணம் கட்டிய வருடங்கள் வேண்டும். அமெரிக்காவில் கட்டிய காலத்தையும் இரு நாட்டு ஒப்பந்தப்படி தகுதிக்குச் சேர்த்துப் பார்ப்பார்கள். பழைய வரித் தாள்களை எறிந்துவிடாதீர்கள்.

மகன் ஸ்கேட்ஸ் வாங்கித் தரச் சொல்லி அழுகிறான், விடலாமா என்று கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். விடுங்கள். 2013-இலிருந்து கனடாவில் பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் ஹொக்கியில் உடம்பால் மோதித் தள்ளுவதற்கு அனுமதி இல்லை. அதற்குப் பிறகும் மோதல் இல்லாத பிரிவுகள் இருக்கின்றன. கணவர் தன் வாழ்க்கையில் அதிகம் நேசித்ததே பனியில் சறுக்குவதைத்தான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைக்குச் சறுக்கக் கற்றுக்கொடுக்க அவரை விடச் சிறந்த ஆள் யார்? தலையிடி இல்லாத ஒரு காலையில், கூட்டம் இல்லாத நேரத்தில், இருவரும் தலைக்கவசத்தோடு.

வைத்தியரிடம் போகும்போது அந்தக் கையையும் மறக்காமல் காட்டுங்கள். முஷ்டிக்குள் எலும்பு முறிந்து சரியாகப் பொருந்தாமல் ஒட்டியிருக்கலாம். எதிராளியின் பல் பட்ட காயம் மொழிக்குள் சீழ்பிடித்து ஆறும்போது தசைநாரும் ஒட்டிக்கொள்வதுண்டு. கைச் சிகிச்சையாளர்கள் வருடங்கள் கழிந்த கையிலும் சில பாகை மடக்கத்தை மீட்டுத் தருகிறார்கள். முழுதாக மடங்காது. சோறு பிசையப் போதும்.